கருமணலும் மண்வெட்டியும்

குளச்சல் என்றதும் 1741-இல் டச்சுப் படை முறியடிக்கப்பட்ட யுத்தமே யாவருக்கும் நினைவு வரும். அதற்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கரையின் மணலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அம்மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயனி கண்டார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்ததாம்! அன்று காஸ் விளக்கின் வலைக்காக அன்னியர் நாடிய அந்தப் பொருள், இன்று அணுசக்தித் துறையின் கீழுள்ள நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இத்தகைய செல்வத்தை அள்ளும் முறையைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். பருவக்காற்றின்போது அலையானது வெண்மணலை வாரிக்கொண்டு திரும்பும். தண்ணீரைப்போல் நாலரை மடங்கு கனமுள்ள இல்மனைட்டும், ஐந்து மடங்கு கனமுள்ள மோனசைட்டும் கரும்படலமாகத் தங்கிவிடும். படலம் மெல்லியது. மண்வெட்டி சற்று ஆழ்ந்தால் வெண்மணல் கலக்கும். மேலோடு வாரினால் கருமணல் அடியில் நின்றுவிடும்.

நிலக்கரிச் சுரங்கத்தாருக்கு இச்சங்கடம் நன்கு தெரியும். திறந்த சுரங்கத்தில் ராட்சத வாரி யந்திரம் ஒரே வீச்சில் பல டன் அள்ளுகிறது. கரிப்படுகையோ சாய்ந்து கிடக்கும். எனவே கல்லும் கரியும் சேருமிடத்தில் ஒரு பகுதி கரி, கல்லோடு குப்பை மேட்டுக்குப் போய்விடுகிறது. அல்லது கல், கரியோடு உலைக்குப் போகிறது. படுகையின் மேல்முகத்தைச் சிறு யந்திரத்தால் துடைத்த பின்பே பெரியதை இறக்குவதும், மெல்லிய படுகையில் சாய்வை ஒட்டிச் சீவக்கூடிய சிறு வாளியை உபயோகிப்பதும், இரண்டையும் தனித்தனியே அள்ளுவதும் இதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்கள். வேலை தாமதிக்கும் என்பது மெய்தான். ஆனால் குப்பை மேட்டில் புதைந்த கரியை மீட்பது அதைவிடத் தாமதம்.

கடற்கரையிலோ, கண் பார்த்துக் கை சீவும் மண்வெட்டியைவிட நுட்பமான கருவி இல்லை. ஆயினும் எடைக்கு மட்டுமே கூலி என்று ஏற்பட்டால் எந்தக் கை நிதானிக்கும்? கருமணலின் தரத்தைச் சோதித்து அதற்கேற்பக் கூலி தருவதே நியாயமென்பது நம் அபிப்பிராயம்.

இது ஆலையின் லாபநஷ்டக் கணக்கு மாத்திரமன்று. வீணாக அள்ளப்படும் ஒவ்வொரு கூடை வெண்மணலும், மீனவர் கட்டுமரம் ஏற்றும் கரையிலிருந்து போவதாகும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலைக்கு நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த ஊர் குளச்சல். பிரித்தெடுத்தபின் மிஞ்சும் வெண்மணலை, அள்ளிய இடத்திலேயே திரும்பக் கொட்ட வேண்டும். கொட்டிய அளவை அந்தந்தக் கிராமத்தார் அறியும்படி பலகையில் எழுதி வைக்கவும் வேண்டும்.