மகிழ்ச்சியின் உயரமும் ஆழமும்: ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழாக்குதல்

1. முன்னுரை

மரபுத்தொடரின் பொருள், அதிலுள்ள சொற்களின் பொருளைக் கூட்டிப் பெறக்கூடியது அன்று. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர்: ஒன்று, சொல்லுக்குச் சொல் பெயர்த்தல், மற்றொன்று, உருவகத்தை நீக்கிப் 'பெரிதும் மகிழ்ந்தான்' எனப் பொதுப்படக் கூறுதல். முதல் வழியில் தொடர் தமிழாவதில்லை. இரண்டாம் வழியில், அம்மகிழ்ச்சி எத்தகையது, பேசுவோர் அதனை எவ்வாறு மதிக்கின்றனர் என்னும் குறிப்பு மறைந்துவிடுகிறது. பேருவகையைக் குறிக்கும் சில ஆங்கிலத் தொடர்களைக் கொண்டு இச்சிக்கலை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. உயரம்

'ஓவர் த மூன்' (நிலவுக்கு மேலே), 'ஆன் கிளவுட் நைன்' (ஒன்பதாம் முகிலின் மீது), 'இன் செவந்த் ஹெவன்' (ஏழாம் விண்ணுலகில்), 'ஆன் டாப் ஆஃப் த வேர்ல்ட்' (உலகின் உச்சியில்) ஆகியன ஒரே அமைப்புடையவை. மகிழ்பவர் எழுவாய், அவர் இருக்கும் உயரமான இடமே பயனிலையின் உயிர்ப்பகுதி. மகிழ்ச்சி மேலே, துயரம் கீழே என்னும் கருத்துருவகம் ஆங்கிலத்தில் ஊடுருவியிருப்பதை லேக்காஃப், ஜான்சன் இருவரும் 1980இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினர்.

உருவகம் பொதுவாயினும் தொடர் இறுகியது. நிலவின் இடத்தில் கதிரவனை வைத்தால் மரபு சிதைகிறது. இவ்விறுக்கம் வரலாற்றில் உருவாவது. 1896இல் வெளிவந்த பன்னாட்டு முகிற்படத் தொகுதியில் ஒன்பதாவதாக இடம்பெற்ற திரள்கார் முகிலே ஒன்பதாம் முகில் என்பர் சிலர். ஆனால் ஏழாம் முகில், எட்டாம் முகில் என்னும் வடிவங்களும் முன்னர் வழங்கியமையால் அவ்விளக்கம் ஐயத்திற்குரியது. எண் பின்னரே நிலைபெற்றது எனக் கொள்வதே பொருந்தும்.

3. உயரம் சாராத தொடர்கள்

'பிளீஸ்ட் ஆஸ் பஞ்ச்' என்பதிலுள்ள பஞ்ச், இத்தாலியப் புல்சினெல்லாவின் வழிவந்த பொம்மலாட்டப் பாத்திரம். அவ்வகை ஆட்டத்தை லண்டன் கோவன்ட் கார்டனில் 1662இல் கண்டதைச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். தன் தீச்செயல்களைத் தானே மெச்சிக் களிப்பவன் பஞ்ச். ஆதலால் இத்தொடரில் தன்மெச்சுதலின் சாயல் உண்டு. 'அவருக்குப் பெருமை பிடிபடவில்லை' என்பது இதற்கு நெருங்கிய தமிழ்.

'ஹாப்பி ஆஸ் எ கிளாம்' என்னும் அமெரிக்கத் தொடர், மட்டியைப் போல் மகிழ்ந்திருத்தலைக் கூறுகிறது. அதன் முழுவடிவம் 'கடல் ஏற்றத்தின்போது' என்னும் பகுதியையும் உடையது. மட்டியை வற்றத்தின்போதே தோண்டி எடுப்பர். நீர் ஏறினால் அதற்கு அச்சமில்லை. எனவே இங்குக் குறிக்கப்படுவது துள்ளும் களிப்பன்று, கவலையற்ற நிறைவு.

4. தமிழின் போக்கு

'கால் தரையில் பாவவில்லை' என்னும் வழக்கு, காற்றின்மேல் நடப்பதாகக் கூறும் ஆங்கிலத் தொடரோடு ஒத்துச்செல்கிறது. ஆயினும் தமிழ்த் தொடர்கள் பலவற்றில் மகிழ்பவர் எழுவாய் அல்லர். அவருடைய உறுப்போ உள்ளமோ எழுவாயாகிறது: உச்சி குளிர்ந்தது, உள்ளம் பூரித்தது. ஆங்கிலம் இருப்பைக் கூறுமிடத்துத் தமிழ் நிகழ்வைக் கூறுகிறது. ஆங்கிலத்தில் நெஞ்சைச் 'சூடேற்றும்' செய்தி, தமிழில் நெஞ்சைக் குளிர்விக்கிறது.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. 'மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினர்', 'இன்ப வெள்ளத்தில் திளைத்தனர்' என்கிறோம். 'சோகத்தில் மூழ்கினர்' என்றும் அதே வினையால் கூறுகிறோம். ஆங்கிலத்திலும் மகிழ்ச்சி பெருக்கெடுப்பதுண்டு; ஆனால் 'மூழ்குதல்' என்னும் வினை இயல்பாகத் துயரத்தையே நாடும். தமிழில் ஆழம் உணர்வின் தன்மையைக் காட்டவில்லை, அதன் அளவைக் காட்டுகிறது.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு

ஆகவே ஆங்கில உயரத்தைத் தமிழில் உயரமாகவே காக்க வேண்டுவதில்லை. ஆழத்தில் இறக்கினும் பொருள் கெடாது. காக்க வேண்டியவை மூன்று: உணர்வின் அளவு, மதிப்பீடு, வழங்கும் சூழல். 'உச்சி குளிர்தல்' பெரிதும் புகழுரை கேட்டவர்க்கு உரியது. தேர்வில் வென்ற மாணவனுக்கு அது முழுதும் பொருந்தாது. 'தலைகால் புரியாத மகிழ்ச்சி' பழிப்பற்றது. 'தலைகால் தெரியாமல் ஆடுகிறான்' என்பதோ கண்டனம். நிலவுத் தொடர் 1970களில் பிரித்தானியக் கால்பந்தாட்ட நேர்காணல்களில் அடிபட்டுத் தேய்ந்த கூற்றாயிற்று. அதனை எள்ளலாகக் கையாளும் புனைகதையில், தமிழிலும் தேய்ந்த தொடரையே பெய்தல் வேண்டும். புதுமையான உவமை அங்குப் பிழையாகும்.

இருமொழி அகராதிகள் இத்தொடர்கள் அனைத்திற்கும் 'மிக்க மகிழ்ச்சி' என ஒரே பொருள் எழுதுவதோடு அமையாமல், யார், எதன்பொருட்டு, எத்தொனியில் கூறுவது என்பதையும் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கப்படின், தற்பெருமைக்காரனின் களிப்பும் கவலையற்றவனின் நிறைவும் மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிடா.