வெள்ளவத்தை மாடிகளில் முதுமை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில், 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்ட பிள்ளைகள் வாங்கி வைத்த தொடர்மாடி வீடுகள் பலவற்றில், இன்று அப்பாவும் அம்மாவும் மாத்திரமே, அல்லது இருவரில் எஞ்சிய ஒருவர் மாத்திரமே சீவிக்கிறார். மாதந் தவறாமல் பணம் வருகிறது. வைபரில் பேரப்பிள்ளையின் முகமும் வருகிறது. ஆனால் நடுச்சாமத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் வைப்பது யார் என்ற வினாக்களுக்கு அநேக குடும்பங்களில் விடை கிடையாது.

சட்டம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமையென விதித்து, சீவனத்துக்கு வழியற்ற பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு பெறவும் இடமளித்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வாடகைக்கே அல்லற்படும் மூதாட்டிக்கு இது மெய்யான ஆதாரம். பணத்தில் குறைவில்லாத வெள்ளவத்தை அம்மாவுக்கு அந்தச் சபை எதைத்தான் வாங்கிக் கொடுக்கும்? மின்வெட்டு 13 மணி நேரம்வரை நீண்ட 2022இல், ஜெனரேட்டருக்கு டீசலுமின்றி லிப்ட் நின்றுபோன மாடிகளிலிருந்து, வங்கியிற் கிடந்த பவுணும் டொலரும் ஒருவரையும் கைபிடித்து இறக்கிவிடவில்லை.

அவ்வேளைகளில் ஓடிவருபவர் பெரும்பாலும் ஊரோடு நின்றுவிட்ட ஒரு மகள்; அவளைப் பற்றிக் கடல் கடந்த சகோதரர்களுக்கு அபிப்பிராயங்கள் ஏராளம். காசு அனுப்புகிறவன் கணக்குக் கேட்பதும், மலசலம் எடுக்கிறவள் வாய்மூடி நிற்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்ட அநீதி என்பேன்.

ஆகையால், கலியாணத்துக்கென்றோ திருவிழாவுக்கென்றோ எல்லோரும் கூடுகிற அடுத்த தடவையிலேனும், பெற்றோரின் புத்தி தெளிவாயிருக்கும்போதே நொத்தாரிசிடம் அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிந்து, அது கொடுத்தவரின் சீவியத்தோடு முடிந்துவிடுமாதலால் மரணசாசனத்தையும் எழுதுவித்து, காணி உறுதியும் கிளினிக் கொப்பியும் எந்த அலுமாரியில் இருக்கின்றன என்பதையும் அறிந்துகொள்வது உத்தமம். “நல்ல நாளில் என்ன கதை இது” என்று அம்மா சினக்கக்கூடும், சினக்கட்டும். மகள் வீடா, முதியோர் இல்லமா, ரொறன்ரோவா என்று பிள்ளைகள் தமக்குள் வாதித்துத் தீர்மானிக்குமுன், கனடாக் குளிரில் வந்திருக்க அவருக்கு மனமுண்டா என்பதையும் அவரிடமே கேட்கலாம்.