நூறு எம்பிபிஎஸ் இருந்தும் ஏன் லேக்?

ஆன்லைன் ஆட்டம் தடுமாறத் தொடங்கியதும் வீட்டில் எழும் முதல் யோசனை, ‘பெரிய பிளானுக்கு மாறிவிடலாம்’ என்பதுதான். 40 எம்பிபிஎஸ் 100 ஆகும், 100 எம்பிபிஎஸ் 300 ஆகும். மாதக் கட்டணம் ஏறும். லேக் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வரும் என்பதன் அளவு. ஆட்டத்துக்கு முக்கியம், அந்தத் தரவு போய்த் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது.

கேமை இறக்கும்போது வேகம் நிச்சயம் உதவும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 எம்பி இறங்கும். இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வதால் எட்டால் வகுக்க வேண்டியிருக்கிறது. 100 ஜிபி கேம் ஒன்று வந்துசேர ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரமாகும். ஆடத் தொடங்கிய பிறகு கன்சோலும் சர்வரும் பரிமாறிக்கொள்வது மிகச் சிறிய தகவல்கள்: எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் சுட்டீர்கள். இதற்கு ஒரு எம்பிபிஎஸ் கூடப் பல கேம்களுக்குத் தேவைப்படாது. முழுப் படமும் இணையம் வழியே வரும் கிளவுட் கேமிங் மட்டும் விதிவிலக்கு.

அந்தச் சிறு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். மில்லி விநாடியில் அளக்கிறோம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி நிற்கும். பிங் 100 என்றால் போக 50, வர 50. நீங்கள் பார்க்கும் எதிராளி மூன்று ஃபிரேமுக்கு முன் இருந்த இடத்தில் தெரிகிறார். நீங்கள் சுட்டது சர்வருக்குத் தெரிய இன்னும் மூன்று ஃபிரேம் ஆகும். ‘சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்துப்போகிறேன்’ என்று ஆடுபவர்கள் புலம்புவது இதனால்தான். சுட்டவரின் திரையில் அந்த நொடியில் நீங்கள் எங்கே தெரிந்தீர்கள் என்று பல கேம்களின் சர்வர் பின்னோக்கிப் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. அவர் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நின்றிருப்பீர்கள். இதற்கு ‘லேக் காம்பன்சேஷன்’ என்று பெயர்.

பிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துவிட முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையையும் சிங்கப்பூரையும் 2002-இலிருந்து இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், போய்த் திரும்ப ஒளிக்கே 32 மில்லி விநாடி ஆகிறது. வழியிலுள்ள கருவிகளின் தாமதம் தனி. எந்த பிளானும் இதற்குக் கீழே கொண்டுபோகாது. அதனால் கேமின் செட்டிங்ஸில் சர்வரைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தால், வரிசையாக எல்லாவற்றின் பிங்கையும் பார்த்துக் குறைவானதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிங்கின் அளவைவிட அதன் தள்ளாட்டம் அதிகம் தொல்லை தரும். அதுதான் ஜிட்டர். எப்போதும் 70-இல் நிற்கும் இணைப்புக்குக் கை பழகிவிடும். 30-க்கும் 150-க்கும் இடையே துள்ளும் இணைப்புக்குப் பழகவே பழகாது. பாக்கெட் லாஸ் என்பது தகவல் வழியிலேயே தொலைந்துபோவது. ஓடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பத்தடி பின்னால் இழுக்கப்பட்டால், பாக்கெட் தொலைகிறதா என்று பாருங்கள்.

இந்தத் தள்ளாட்டம் பல நேரம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. பகலெல்லாம் 35-இல் இருந்த பிங் மாலையில் 300-க்குத் தாவுகிறது. யாரோ வெளியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார், அவருடைய போன் வைஃபையில் சேர்ந்ததும் அன்று எடுத்த வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியிருக்கிறது. அப்லோடு நிரம்பியதும் மிச்சத் தகவல்களை ரவுட்டர் வரிசையில் நிற்கவைக்கிறது. உங்கள் பொத்தான் அழுத்தலும் அந்த வீடியோக்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதன் பெயர் பஃபர்ப்ளோட். அமெரிக்கக் கணினியாளர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ரவுட்டரில் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் இயக்கி, அப்லோடு வரம்பை உண்மையில் கிடைக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். பிளானை மாற்றும் முன் செய்துபார்க்க வேண்டியது இது.

வைஃபை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: முடிந்தால் விட்டுவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அதைவிட மேல், ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். கேட்5ஈ லேன் கேபிள் ஒன்று 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தரும், ஜிட்டரையும் அடக்கும். நின்டெண்டோ ஸ்விட்சின் முதல் டாக்கில் மட்டும் லேன் துளை இல்லை. யூஎஸ்பி அடாப்டர் வேண்டும்.

கன்சோல்காரர்களை அதிகம் குழப்புவது நேட். பிளேஸ்டேஷன் இதன் வகைகளை டைப் 1, 2, 3 என்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்கிறது. நின்டெண்டோ ஏ, பி என்று எழுத்துகள் தருகிறது. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி இணைய முகவரிகள்தான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதற்கு முன்பே, 1990-களில், பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த ஏற்பாடுதான் நேட்: வீட்டிலுள்ள அத்தனை கருவிகளுக்கும் வெளியுலகில் ஒரே முகவரி. ரவுட்டர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி போல நிற்கும். உள்ளிருந்து யாராவது கேட்டிருந்த பார்சல் வந்தால் உரியவருக்குக் கொடுக்கும். கேட்காமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பும்.

நிறுவனத்தின் சர்வரில் நடக்கும் ஆட்டத்துக்கு இதனால் சிக்கல் இல்லை, கன்சோல்தானே முதலில் பேச்சைத் தொடங்குகிறது. சில கேம்களிலும் பார்ட்டி சாட்டிலும் ஆடுபவர்களின் கன்சோல்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச வேண்டியிருக்கும். அங்கேதான் கதவு மூடிக்கொள்கிறது. ஓப்பன் உள்ளவர் எல்லோரோடும் சேரலாம். மாடரேட், ஓப்பனோடும் மாடரேட்டோடும். ஸ்ட்ரிக்ட், ஓப்பனோடு மட்டும். மேட்ச் நன்றாக ஓடியும் ஒரே ஒரு நண்பனின் குரல் மட்டும் கேட்காமல் போனால் இருவரின் நேட் வகையையும் பாருங்கள். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ் என்று போனால் தெரியும்.

சரிசெய்ய முதல் வழி ரவுட்டரில் யூபிஎன்பி வசதியை இயக்குவது. வேண்டிய போர்ட்டை, அதாவது தகவல் நுழையும் வாசலை, திறக்கும்படி கன்சோலே ரவுட்டரிடம் கேட்டுக்கொள்ளும். வீட்டில் விலை மலிவான கேமராவும் ஸ்மார்ட் பல்புகளும் நிறைய இருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அவையும் இதே சலுகையில் கதவைத் திறந்துகொள்ளலாம். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் நல்லது. கன்சோலுக்கு நிலையான உள் முகவரி கொடுத்து, தேவையான போர்ட்டை மட்டும் அதற்குத் திருப்ப வேண்டும். எக்ஸ்பாக்ஸுக்கு அது யூடிபி 3074. இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக இருக்க, அதற்குப் பின் சொந்த ரவுட்டரையும் மாட்டியிருந்தால் இரண்டு நேட் ஆகிவிடும். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் ஸ்ட்ரிக்ட் போகவில்லையா? ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்ற எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. இது சிஜி-நேட். வீட்டு ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் அதற்கு வெளியே இன்னொரு பூட்டு இருக்கும். ஐபிவி6-ஐ ரவுட்டரில் இயக்கிப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மற்ற கன்சோல் என்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு ‘பப்ளிக் ஐபி வேண்டும்’ என்று அதே சொற்களில் கேளுங்கள். சில நிறுவனங்கள் கேட்டதும் தரும், சில ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்ற பெயரில் மாதக் கட்டணம் வைத்துத் தரும். பெரிய பிளானுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குக் கொடுப்பது மேல்.