தையல் பிரித்த பிறகு

மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் பிரித்ததும், ‘இனி கவலையில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சகோதரிக்கோ பல நேரங்களில் அச்சம் அதன்பின்தான் தலைகாட்டுகிறது. ஆண்டுப் பரிசோதனை நெருங்கினால் உறக்கம் வராது. முதுகு வலித்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என மனம் பதறும். ஹார்மோன் மாத்திரையே சிலருக்கு 5 முதல் 10 ஆண்டுகள் தொடரும். அத்தனை ஆண்டுகளும் யார் நலம் விசாரிக்கிறோம்?

1952-இல் நியூயார்க்கில் மார்பகம் அகற்றப்பட்ட டெரீஸ் லாசர், தன்னைப் போன்ற பெண்களை மருத்துவமனைக்கே தேடிச் சென்றார். கையை அசைத்துப் பழக ரப்பர் பந்தும், உடைக்குள் வைக்கத் தற்காலிக மார்பகமும் கொண்டுபோனார். மருத்துவர்கள் சிலர் விரும்பவில்லை. 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அப்பணியை ஏற்றுக்கொண்டது.

‘தைரியமா இருங்க’ என்பது சில வேளை வாயடைக்கும் சொல். ‘பயமா இருக்கா?’ என்று கேட்டுவிட்டுச் சற்று உட்காருங்கள். பரிசோதனை நாளன்று கூடவே போங்கள்.