பஸ்சில் என்ன வாடை?

ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தென்காசி பஸ் நிலையத்தில் கூட்டம் சொல்லி முடியாது. ஐந்தருவி பஸ் வந்து நின்றதும் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். நானும் ஏறினேன்.

சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். பஸ் புறப்பட்டது.

உள்ளே எத்தனையோ வாடை! ஈரத்துணி வாடை. தலையில் தேய்த்த எண்ணெய் வாடை. யாரோ மடியில் வைத்திருந்த பலாப்பழத்தின் வாசனை. இவற்றோடு இன்னொன்றும் வந்தது. அது மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"என்னமோ எண்ணெய் வாடை அடிக்கே!" என்றார், கடைசியாக ஏறிய ஓர் ஆச்சி.

"பஸ்சுன்னா டீசல் வாடை அடிக்கத்தான் செய்யும், ஆச்சி" என்றார் ஸீட்டில் இருந்த ஒருவர்.

ஆச்சி விடவில்லை. "டீசல் வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. கண்டக்டர் தம்பி, இங்க கொஞ்சம் வாங்க!" என்று கூப்பிட்டார்.

கண்டக்டர் வந்து ஸீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு சாக்குப்பை இருந்தது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கேன். கேனுக்குள் பெட்ரோல்! மூடி சரியாகப் பொருந்தவில்லை. சாக்கு நனைந்திருந்தது.

விசில் பறந்தது. பஸ் நின்றது.

பெட்ரோல் வேறு, டீசல் வேறு

பெட்ரோல், பட்டாசு போன்றவற்றைப் பஸ்சில் ஏற்றக் கூடாது என்பது சட்டம். காரணம் இதுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து, ஸீட்டுக்கு அடியில் வந்து தேங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட அது தீப்பற்றும். அப்படியானால் நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? ஒரே ஒரு தீக்குச்சி போதும்.

டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளாது. நன்றாகச் சூடேற வேண்டும். அதற்காக, "டீசல்தானே!" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. டீசல் குழாயில் வெடிப்பு விட்டு, சொட்டுச் சொட்டாக ஒழுகி, புகைபோகும் குழாயின்மேல் விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் குழாய் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும்!

காலையில் முதல் பஸ் கிளம்பும்போது வெள்ளைப் புகையும் டீசல் வாடையும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் குளிர்ந்து கிடப்பதால் டீசல் முழுவதும் எரிவதில்லை. அது சற்று நேரத்தில் போய்விடும். பயப்பட வேண்டாம். ஆனால் பஸ் வெகுதூரம் ஓடி என்ஜின் சூடான பிறகும் உள்ளே பச்சை டீசல் வாடை அடித்தால், உடனே சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டிய வாடைகள் இன்னும் உண்டு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிறவர்களுக்குத் தெரியும். மலை இறக்கத்தில் ரப்பர் கருகியதுபோல் வாடை வந்தால், பிரேக் சூடாகிவிட்டது என்று அர்த்தம். பாட்டரியில் மின்சாரம் அளவுக்கு மீறி ஏறினால் அழுகிய முட்டை வாடை வரும்.

புதிய பஸ்களில் புதிய வாடை ஒன்றும் வந்திருக்கிறது. புகையில் உள்ள நச்சைக் குறைப்பதற்காக 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடெங்கும் கடுமையான விதி வந்தது. அதற்காகப் பல பஸ்களில் யூரியா கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அது சிந்தினாலும், கோளாறு ஏற்பட்டாலும், மூத்திர வாடைபோல் அமோனியா வாடை வரும். நாம் பாவம், பஸ் நிலையத்துச் சுவரைத் திட்டுகிறோம்!

வாடையே இல்லாவிட்டால்?

வாடை வந்தால் கண்டுபிடித்துவிடலாம். வராவிட்டால்?

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம். அப்பொழுது தமிழ்நாட்டில் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின! பஸ்சின் பின்பக்கம் பீப்பாய்போல் உயரமான அடுப்பு ஒன்று இருக்கும். டி.வி.எஸ். கம்பெனிகூட இந்த அடுப்புகளைத் தயாரித்தது. கரியைப் போட்டு, நெருப்பு மூட்டி, ஓர் ஆள் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். அதில் கிளம்பும் வாயுதான் என்ஜினை ஓட்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் கரி பஸ்சில் போனவர்கள் இப்பொழுது 80 வயதைத் தாண்டியிருப்பார்கள்.

அந்த வாயுவில் முக்கியமாக எரிந்தது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. வாடையும் இல்லை. மூச்சில் சேர்ந்தால் தலை வலிக்கும். கிறுகிறுக்கும். தூக்கம் வரும். பிறகு ஆளையே கொன்றுவிடும். வாடை வரவில்லையே என்று நம்பி இருந்துவிட முடியாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1937-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, அங்கே ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. கட்டிடத்தைச் சூடாக்குவதற்காக இயற்கை எரிவாயுவைக் குழாயில் கொண்டுவந்திருந்தார்கள். அது கசிந்து, தரைக்கு அடியில் நிரம்பிவிட்டது. வாடை இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மின்சாரப் பொறி! ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள்.

அதன் பிறகுதான் எரிவாயுவில் வேண்டுமென்றே நாற்றத்தைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் வருகிறதே, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்! அது கேசின் வாடை அல்ல. நமக்காகக் கலந்த வாடை. தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டு முதல் ஓடும் இயற்கை எரிவாயு பஸ்களிலும் நாற்றம் கலந்த வாயுதான் இருக்கிறது.

கேன் யாருடையது?

ஐந்தருவி பஸ்சுக்கு வருவோம்.

"இது யாரு கேனு?" என்று கண்டக்டர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டதும் ஓர் இளைஞர் எழுந்தார். வழியில் நின்றுபோன மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிப் போகிறாராம். முகம் வெளிறிவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார், முதலில் டீசல் என்று சொன்னவர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கால்மணி நேரமாக அங்கேயே இருந்தவர். ஒரே வாடை தொடர்ந்து வந்தால் மூக்குக்குப் பழகிவிடும். பிறகு வாடை தெரியாது. ஆனால் ஆவி அங்கேயேதான் இருக்கும். ஆச்சியோ அப்பொழுதுதான் ஏறினார். அதனால் அவருக்குத் தெரிந்தது.

கண்டக்டர் எல்லா ஷட்டர்களையும் தூக்கச் சொன்னார். சாரல் அடித்து எல்லாரும் நனைந்தோம். அருவிக்குப் போகிறவர்கள்தானே! பலாப்பழக்காரர் மட்டும் முணுமுணுத்தார்.

ஐந்தருவியில் இறங்கும்போது ஆச்சி மறுபடியும் மூக்கை உறிஞ்சினார். எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தோம்.

"பயப்படாதீங்க. மிளகா பஜ்ஜி!" என்றார்.