ஒரு வீடு, ரெண்டு பார்ட்டி: அட்வான்ஸ் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆரணியில் ஒரு தறி வீடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தெரு நெசவாளர் 40 லட்சம் கேட்கிறார். கூடத்தில் தறியை அப்படியே ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் 43 லட்சம் தரத் தயார். ஆனால், வங்கிக் கடன் வர 2 மாதம் ஆகும். யாருக்குக் கொடுப்பது?

அதிக விலைக்குத்தான் விற்கணுமா?

கட்டாயம் இல்லை. வீடு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், குறைந்த விலைக்கும் மனசுக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கலாம். அண்ணன், தங்கைக்கும் பங்கு இருந்தால், அந்த 3 லட்சத்தை நீங்கள் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் வீட்டில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், உடன்பிறந்தவர்கள் போன்ற சக வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு என்கிறது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டம் அப்படி எதுவும் தரவில்லை.

'இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க' என்று சொல்லலாமா?

நிஜமாகவே கேட்டிருந்தால் சொல்லலாம். இல்லாத பார்ட்டியைக் காட்டி விலையை ஏற்றுவது பொய். ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுக்கத் தெரிந்தே பொய் சொல்வதை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு மோசடி என்கிறது. நியாயமான வழி எளிது: "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உங்க கடைசி விலையைச் சொல்லுங்க" என்று இருவரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். புரோக்கரையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் வாங்கிய பிறகு கூடுதல் விலை வந்தால்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "அட்வான்ஸை டபுளா திருப்பிக் கொடுத்துட்டா முடிஞ்சுது" என்ற நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டவர், 'பணம் வேண்டாம், வீடுதான் வேண்டும்' என்று வழக்குப் போடலாம். கிரயத் தேதி குறித்திருந்தால், அன்றிலிருந்து 3 ஆண்டு அவகாசம். மீதிப் பணத்தோடு தான் தயாராக இருந்ததை அவர் காட்ட வேண்டும். ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே வாங்கிய இரண்டாவது நபர் மீதும் வழக்கு பாயும். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமை இன்னும் வலுவாகியிருக்கிறது.

சட்டத்தைத் தாண்டியும் யோசிக்கணும். உங்களை நம்பி அந்த நெசவாளர் நகையை அடகு வைத்திருக்கலாம், வேறு வீட்டை வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அந்த நஷ்டத்தை இரட்டிப்பு அட்வான்ஸ் ஈடுகட்டுமா?

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யணுமா?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 'பதியலையே, அதனால செல்லாது' என்று விற்பவர் தப்பிக்கவும் முடியாது. கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்குபவர் என்ன செய்யணும்?

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதியாத ஒப்பந்தம் அதில் தெரியாது. அதனால் "வேற யார்கிட்டயாவது அட்வான்ஸ் வாங்கியிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கம் கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழலாம்.

கை நீட்டிப் பணம் வாங்கும்வரை யாரிடமும் பேரம் பேசலாம். வாங்கிய அன்றே மற்றவருக்குப் போன் செய்து, "வீடு முடிஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிவிடுங்கள். அவரும் வேறு வீடு பார்க்கணும் இல்லையா?