உங்களுக்குத் தெரியுமா?: பள்ளிக்குள் வந்த கொரோனா டெஸ்ட்

● தொண்டையை எட்டும் வரை மூக்கில் குச்சி விட்டால் பெரியவர்களுக்கே கண்ணில் நீர் முட்டும். அதை வாரம் இரண்டு முறை செய்யச் சொன்னால் எந்தக் குழந்தை ஒத்துக்கொள்ளும்? அதனால்தான் பள்ளிகளைத் திறந்த நாடுகள் வலிக்காத முறைகளைத் தேடின.

● ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2021 மே மாதம் ‘லாலி டெஸ்ட்’ வந்தது. பஞ்சுக் குச்சியை மிட்டாய் போல 30 விநாடி சப்பினால் போதும். வகுப்பிலுள்ள எல்லோருடைய குச்சிகளும் ஒரே குழாய்க்குள் போகும். ஆய்வகத்தில் அதற்கு ஒரே பிசிஆர். தொற்று தெரிந்தால் மட்டும்தான் தனித்தனியாகச் சோதிப்பார்கள்.

● மாதிரிகளைக் கலந்து சோதிக்கும் இந்த உத்தி புதிதல்ல. அமெரிக்க ராணுவத்தில் சேர வருபவர்களிடம் சிஃபிலிஸ் நோயைக் குறைந்த செலவில் கண்டறிய, ராபர்ட் டார்ஃப்மன் 1943-லேயே எழுதிய யோசனை இது.

● ஆஸ்திரியாவில் மாணவர்களே மூக்கின் முன்பகுதியில் மட்டும் குச்சியைச் சுழற்றி மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ‘நிஞ்ஜா பாஸ்’ அட்டையில் ஒரு ஸ்டிக்கர். 2021 மே மாதம் உணவகங்கள் திறந்தபோது, உள்ளே நுழைய அந்த அட்டையே சான்றாகவும் உதவியது.

● குச்சியே வேண்டாத வழியும் உண்டு. நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறையில், உப்புக் கரைசலை 15 விநாடி கொப்பளித்துக் குழாயில் துப்பினால் போதும். இதற்கு 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் ஒப்புதல் அளித்தது.

● இங்கிலாந்தில் 2021 மார்ச் 8 அன்று உயர்நிலைப் பள்ளிகள் திறந்தபோது, மாணவர்கள் முதல் மூன்று ரேபிட் டெஸ்டைப் பள்ளியில் மேற்பார்வையோடு செய்தார்கள். கை பழகியபின் வாரம் இருமுறை வீட்டிலேயே செய்தார்கள். ஆசிரியர்களுக்கும் வீட்டு டெஸ்ட்தான்.

● அதே ஆண்டு அங்கே 201 பள்ளி, கல்லூரிகளில் ஓர் ஆய்வு நடந்தது. தொற்றாளருடன் பழகியவர்கள் 10 நாள் வீட்டில் அடைந்து கிடப்பதற்குப் பதிலாக, தினமும் டெஸ்ட் செய்துகொண்டு வகுப்புக்கு வரலாம். அதனால் தொற்று பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனாலும் அந்த வாய்ப்பு கிடைத்தவர்களில் முன்வந்தவர்கள் சுமார் 42 சதவீதம்தான்!

● நுட்பமான டெஸ்டாக இருந்தாலும், செய்துகொள்ள ஆள் வராவிட்டால் பயனில்லை. அடுத்த தொற்றுக் காலத்தில் பள்ளிக்கான பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகள், முதலில் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கட்டும்.